அடிநாதம் கெடாத ஒலித் திரிபு: பேஸ் கிதாருக்குப் பெடல் தேர்ந்தெடுக்கும் முறை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

ஒலி கிழிந்தால் அது குற்றம். இது எங்கள் வீட்டுச் சட்டம். என் தந்தையார் திருவண்ணாமலையில் சிறிய அளவில் மைக் செட் வாடகைக்கு விடும் தொழில் செய்பவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்.

கார்த்திகை தீபத்தின்போது 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எங்கேனும் ஓரிடத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டும் வேலை அவருக்குக் கிடைப்பதுண்டு. கூட்டத்தில் காணாமற்போன குழந்தைகளைப் பற்றிய அறிவிப்பு அதில் வரும். "குழந்தை பேரு முருகனா முருகம்மாவான்னே தெரியலன்னா, நாம குழாய் கட்டி என்னடா பிரயோசனம்?" என்பார். ஆம்ப்ளிபயரின் குமிழை அளவுக்கு மேல் திருப்பும் உதவியாளர்களுக்கு அவரிடம் மன்னிப்பே கிடையாது.

அப்படிப்பட்டவருடைய மகனாகிய நான், காசு கொடுத்து ஒலியைக் கிழிக்கும் கருவி ஒன்றை வாங்க நினைத்தேன். அந்த நினைப்பினால் விளைந்த நட்டத்தையும், அதன் பிறகு இயற்பியல் ஆய்வகத்தில் நான் தெரிந்துகொண்டதையும் நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இசைக் கருவி வாசிக்காதவர்களும் இதைப் படிக்கலாம். இதில் வரும் இயற்பியல் நம் எல்லோருக்கும் பொதுவானதே.

நடந்தது என்ன?

விடுமுறை நாள்களில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறேன். சென்ற ஆடி மாதம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூழ் வார்க்கும் திருவிழா. இரவு கச்சேரி எங்களுடையது. மைக் செட் என் தந்தையாருடையது. குழுவில் கிதார் வாசிக்கும் அண்ணனிடம் ஒரு டிஸ்டார்ஷன் பெடலை இரவல் வாங்கியிருந்தேன். காலால் அழுத்தினால் கிதார் உறுமும். என் பேஸ் கிதாரும் அப்படியே உறுமும் என்று நம்பினேன்.

மூன்றாவது பாட்டில் பெடலை அழுத்தினேன். உறுமலுக்குப் பதில் வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓர் ஒலி வந்தது. தரையை அதிரவைத்துக்கொண்டிருந்த அடிநாதம் எங்கோ போய்விட்டது. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். நான் பதற்றத்தில் பெடலின் ஒலியளவை முழுதும் கூட்டினேன். சில நிமிடங்களில் மேற்குப் பக்கத்துக் குழாய் அடங்கிப்போயிற்று. அதன் யூனிட்டுக்குள் இருந்த கம்பிச்சுருள் எரிந்துவிட்டது.

வீடு திரும்பும்போது தந்தையார் என்னைத் திட்டவில்லை. "காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின.

பேஸ் கிதாரின் இயல்பு

பேஸ் கிதார் வயதில் இளைய கருவி. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியே இதைப் பரவலாக்கியது. தமிழ்நாட்டில் 1976-இல் வெளிவந்த 'அன்னக்கிளி' மூலம் திரையுலகுக்கு வந்த இளையராஜா அவர்கள், தம் பாடல்களில் பேஸ் கிதாருக்குத் தனியாக ஒரு மெட்டே அமைத்துக் கொடுத்தார். பாட்டின் அடியில் ஓடும் அந்த இரண்டாவது மெட்டைக் கேட்டுத்தான் என்னைப் போன்ற பலரும் இக்கருவியின்மீது ஆசை கொண்டோம்.

நான்கு கம்பி பேஸ் கிதாரின் திறந்த கம்பிகளுடைய அதிர்வெண்கள் தடித்த கம்பியிலிருந்து வரிசையாக 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ் ஆகும். சாதாரண கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பியோ 82.4 ஹெர்ட்ஸ். அதாவது பேஸ் கிதார் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. இந்த ஒரு ஸ்தாயி வேறுபாட்டை மறந்ததே நான் செய்த முதல் பிழை.

ஒலித் திரிபு என்றால் என்ன?

நம் ஆய்வகத்தில் டையோடுகளைக் கொண்டு 'கிளிப்பர்' என்னும் சுற்றை அமைக்கிறோம். ஒரு சைன் அலையை அதற்குள் செலுத்தி, சி.ஆர்.ஓ. திரையில் பார்த்தால் அலையின் உச்சி தட்டையாகிவிடும். கரும்பின் தோகையை அரிவாளால் சீவியது போல இருக்கும். சிலிக்கான் டையோடு ஏறத்தாழ 0.7 வோல்ட்டிலும், ஜெர்மானியம் டையோடு ஏறத்தாழ 0.3 வோல்ட்டிலும் கடத்தத் தொடங்குவதால், அந்த அளவுக்கு மேல் அலை எழும்ப முடிவதில்லை. பெடலுக்குள் நடப்பது இதுவே. முதலில் ஒரு பெருக்கி, கம்பியிலிருந்து வரும் மெல்லிய சைகையைப் பன்மடங்காக்குகிறது. பிறகு டையோடோ டிரான்சிஸ்டரோ அதன் தலையைச் சீவிவிடுகிறது.

தலை சீவப்பட்ட அலையில் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. ஃபூரியே பகுப்பின்படி, ஒரு முழுச் சதுர அலை அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 3, 5, 7 மடங்குகளையும் கொண்டது. அவற்றின் வீச்சு முறையே மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று எனக் குறைந்துகொண்டே போகும். மேலும் கீழும் ஒரே அளவாக வெட்டினால் ஒற்றைப்படை மடங்குகளே பிறக்கும். ஒரு பக்கம் கூடுதலாக வெட்டினால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும். இந்த மேற்சுரங்களின் கூட்டத்தையே நம் காது 'கரகரப்பு' என்கிறது.

தந்தையாரின் சட்டத்துக்கும் இங்கேயே காரணம் கிடைக்கிறது. பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி வலியது. பல மெய்யெழுத்துகளின் ஒலி மெலியது. ஒலி கிழியும்போது வலிய உயிரொலியிலிருந்து பிறக்கும் புதிய மேற்சுரங்கள் மெலிந்த மெய்யொலியை மூடிவிடுகின்றன. முருகனுக்கும் முருகம்மாவுக்கும் வேறுபாடு தெரியாமற்போவது இதனால்தான். ஆகவே பேச்சுக்குத் திரிபு குற்றமே. ஆனால் கம்பிக்குச் சொல் இல்லை. சுரம் மட்டுமே உண்டு. சுரத்தின் அடிப்படை கெடாமல் மேற்சுரம் சேர்ந்தால் அது குற்றமாகாது.

நம் தம்புராவே இதற்குச் சான்று. தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் ஒரு நூலை வைத்து, அதை நகர்த்தி நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்துவார்கள். அப்போது கம்பியின் நாதம் விரிந்து இரையும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் அவர்கள் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து 1921-இல் கட்டுரை வெளியிட்டார். ஒரு கம்பியை அதன் ஒரு மேற்சுரத்தின் கணுவில் மீட்டினால், அந்த மேற்சுரம் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த விதி பொய்த்து, மேற்சுரங்கள் வலுவாக ஒலிக்கின்றன என்றும், குதிரையின் வளைந்த மேற்பரப்பே அதற்குக் காரணம் என்றும் அவர் காட்டினார். அங்கே டையோடு இல்லை, வெட்டுதலும் இல்லை. ஆயினும் கம்பியின் ஒலியில் வேண்டுமென்றே மேற்சுரத்தை மிகுத்துக் கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தம்புராவில் எவ்வளவு இரைந்தாலும் ஆதார ஷட்ஜம் தெளிவாக நிற்கிறது என்பதை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பிழையில் பிறந்த கருவி

திரிபுப் பெடலின் வரலாறு ஒரு பழுதில் தொடங்குகிறது. அதிலும் தாழ்ந்த சுரக் கிதாரில் தொடங்குகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகரின் 'டோன்ட் வொரி' என்ற பாட்டைப் பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் என்னும் கலைஞர் ஆறு கம்பி பேஸ் கிதார் வாசித்தார். ஒலிக்கலவைப் பலகையின் ஒரு வழி பழுதாகியிருந்தமையால் அவர் வாசித்தது கிழிந்து ஒலித்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-இல் அந்தப் பாட்டு வெற்றி பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்நாடி அதே பழுதை வேண்டும்போது உண்டாக்கும் சுற்று ஒன்றை வடிவமைத்தார். அது 1962-இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் கிப்சன் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'சாடிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகு உலகெங்கும் அதற்கு மதிப்பு ஏற்பட்டது.

அதே 1965-இல் பீட்டில்ஸ் குழுவின் 'ரப்பர் சோல்' தொகுப்பு வெளியாயிற்று. அதிலுள்ள 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' என்ற பாட்டில் பால் மெக்கார்ட்னி பேஸ் கிதாரைத் திரித்து வாசித்திருக்கிறார். அந்தப் பாட்டில் திரிக்கப்படாத சாதாரண பேஸ் கிதாரும் தனியே ஒலிக்கிறது. கிழிந்த பேஸ் மேலே மெட்டு பாட, சுத்தமான பேஸ் கீழே தாங்கி நிற்கிறது. பேஸ் கிதாருக்குப் பெடல் தேடுவோர் முதலில் கேட்க வேண்டிய பாட்டு இது என்பேன்.

மூவகைப் பெடல்கள்

கடைகளில் எத்தனையோ பெயர்களில் பெடல்கள் இருந்தாலும், உள்ளே நடப்பதை வைத்து அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை ஓவர்டிரைவ். இதில் டையோடுகள் பெரும்பாலும் பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் அமைந்திருக்கும். எனவே அலையின் தலை சட்டென்று வெட்டப்படாமல் உருண்டு மழுங்கும். மென்மையாக மீட்டினால் தெளிவும் வலுவாக மீட்டினால் கரகரப்பும் கிடைக்கும். பழைய வால்வு ஆம்ப்ளிபயரைச் சற்று மிகுதியாகத் திருப்பியது போன்ற ஒலி.

இரண்டாம் வகை டிஸ்டார்ஷன். இதில் பெருக்கிக்குப் பின்னால் டையோடுகள் சைகையைத் தரைக்கு இழுத்து வெட்டும். வெட்டு கூர்மையானது. எப்படி மீட்டினாலும் கரகரப்பு ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும்.

மூன்றாம் வகை ஃபஸ். அலை ஏறக்குறைய சதுரமாகிவிடும். 1969-இல் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 'பிக் மஃப்' இவ்வகையில் புகழ் பெற்றது. சுரம் நீண்டு நிற்கும். ஆனால் மீட்டலின் ஏற்றத்தாழ்வு மறைந்துபோகும்.

மெல்லிசைக் குழுவில் திரைப்பாடல் வாசிக்கும் பேஸ் கலைஞருக்கு முதல் வகையே பெரும்பாலும் போதும். தபேலாவோடும் டிரம்ஸோடும் சேர்ந்து நடக்க வேண்டிய கருவிக்கு மீட்டலின் ஏற்றத்தாழ்வு இன்றியமையாதது.

என் பிழை எங்கே?

கிதாருக்கென்று செய்த ஓவர்டிரைவ் பெடல்களில் பலராலும் பின்பற்றப்படுவது இபனெஸ் 'டியூப் ஸ்கிரீமர்' என்பதன் சுற்று. அதன் பெருக்கியில் 4.7 கிலோஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக இருக்கின்றன. நாம் படித்த சமன்பாட்டில் இவற்றைப் போட்டால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸ் என்று வரும். அதற்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கமும் குறைந்துகொண்டே போகும். குமிழை முழுதும் திருப்பிய நிலையில் உயர்ந்த அதிர்வெண்ணுக்குக் கிடைக்கும் பெருக்கம் ஏறத்தாழ 118 மடங்கு. பேஸ் கிதாரின் 41.2 ஹெர்ட்ஸுக்கோ ஏறத்தாழ 7 மடங்கே கிடைக்கிறது. தாளில் கணக்குப் போட்டு இந்த இரண்டு எண்களையும் பார்த்த அன்றுதான், ஆடி மாதக் கச்சேரியில் என் அடிநாதம் எங்கே போயிற்று என்பது எனக்கு விளங்கியது.

இது அந்தச் சுற்றின் குறையன்று. கிதாரின் தாழ்ந்த சுரங்களை அப்படியே வெட்டினால் ஒலி குழம்பிச் சேறாகும்; அதனால் வேண்டுமென்றே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். கிதாருக்குத் தைத்த சட்டையைப் பேஸ் கிதாருக்குப் போட்டது என் குற்றமே.

யூனிட் எரிந்ததற்கும் கணக்கு உண்டு. ஒரே உச்ச மின்னழுத்தம் கொண்ட சைன் அலையைவிடச் சதுர அலை இரண்டு மடங்கு திறனை ஒலிபெருக்கிக்குள் செலுத்துகிறது. மேலும், குழாய் ஒலிபெருக்கியால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிக்க இயலாது. பேஸ் கிதாரின் சுத்தமான ஒலியில் பெரும்பகுதி குழாயின் வேலைக்கு உட்படாதது. நானோ பெடலால் அதை மேற்சுரமாக மாற்றிக் குழாயின் தலையில் ஏற்றினேன். அடிநாதம் கேட்கவில்லை என்று ஒலியளவையும் கூட்டினேன். ஆம்ப்ளிபயரே கிழியத் தொடங்கியது. பாவம், யூனிட் என்ன செய்யும்?

தேர்ந்தெடுக்கும் முறை

இனி, பேஸ் கிதாருக்குப் பெடல் வாங்க எண்ணும் நண்பர்கள் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

1. கலப்புக் குமிழ் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். 'பிளெண்ட்', 'பேலன்ஸ்', 'டிரை' ஆகிய பெயர்களில் ஒன்று அதன்மேல் இருக்கும். உள்ளே வரும் சைகையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் திரித்து, மற்றொன்றைச் சுத்தமாக விட்டு, இறுதியில் வேண்டிய அளவில் இரண்டையும் கலப்பது இதன் வேலை. பாஸ் நிறுவனம் 1994-இல் கொண்டுவந்த ஓ.டி.பி.-3 என்னும் பேஸ் ஓவர்டிரைவில் 'பேலன்ஸ்' குமிழ் இருக்கிறது. டெக் 21 நிறுவனத்தின் 'பேஸ் டிரைவர்' பெடலில் 'பிளெண்ட்' குமிழ் இருக்கிறது. 'பேஸ் பிக் மஃப்' பெடலில் சுத்த ஒலியைச் சேர்க்க ஒரு விசை இருக்கிறது. அன்று பீட்டில்ஸ் குழுவினர் இரண்டு பேஸ் கிதார்களைப் பதிவு செய்து பெற்ற பயனை இன்று ஒரு குமிழ் தந்துவிடுகிறது.

2. தடித்த கம்பியில் சோதிக்க வேண்டும். கடையில் மேற்கம்பிகளில் வேகமாக வாசித்துப் பார்த்தால் எல்லாப் பெடலும் நன்றாகவே ஒலிக்கும். திறந்த தடித்த கம்பியை ஒருமுறை மீட்டி, அது தேயும்வரை கேளுங்கள். பெடலை அழுத்தும்போதும் விடும்போதும் தரையில் அதிர்வு ஒரே அளவாக இருக்க வேண்டும்.

3. ஒலியளவைச் சமப்படுத்திக்கொண்டு ஒப்பிட வேண்டும். எந்த ஒலியும் சற்று உரத்துக் கேட்டால் நன்றாக இருப்பது போலவே தோன்றும். பெடலை அழுத்தியபோதும் விட்டபோதும் ஒரே உரப்பு இருக்கும்படி முதலில் வைத்துக்கொண்டு, அதன்பின் முடிவு செய்யுங்கள்.

4. இரைச்சலைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையின் சுரம் 49 ஹெர்ட்ஸ். மின் இரைச்சலும் நம் சுரமும் அண்டை வீட்டுக்காரர்கள். பெடல் சுரத்தைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். எனவே மலிவான அடாப்டரைத் தவிர்த்து 9 வோல்ட் பேட்டரியில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அடாப்டர் வாங்கினால், பெடலில் குறித்துள்ள துருவம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தே செருக வேண்டும். பல பெடல்களில் நடுமுனை எதிர்முனையாக இருக்கும். மாற்றிச் செருகினால் பெடல் பழுதாகலாம்.

5. எந்தப் பெட்டியில் ஒலிக்கப் போகிறது என்று எண்ண வேண்டும். கூர்மையான மேற்சுரங்களை ஒலிக்கும் சிறிய டுவீட்டர் உள்ள பெட்டியில் திரிபு ஒலி சீறும். டுவீட்டரைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். பெடலில் உள்ள 'டோன்' குமிழாலும் குறைக்கலாம்.

6. வாங்கிய பின் வாசிப்பும் மாற வேண்டும். திரிபில் இரண்டு சுரங்கள் ஒன்றாகச் சென்றால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் பிறக்கும். 110 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தோடு 164.8 ஹெர்ட்ஸ் பஞ்சமம் சேர்ந்தால் கழித்தல் 54.8, அது ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயியே, இனிமை கெடாது. ஆனால் 110-உடன் 138.6 ஆகிய அந்தர காந்தாரம் சேர்ந்தால் கழித்தல் 28.6, ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயிகளில் ஒன்றான 27.5-இலிருந்து அது விலகி நின்று உரசும். எனவே பெடலை அழுத்தியிருக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு சுரம் வாசிப்பதே நலம்.

தந்தையாரின் தீர்ப்பு

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்காக 2024-இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைத்தது. அதிலிருந்து முதலில் தந்தையாருக்குப் புது யூனிட் வாங்கிக் கொடுத்தேன். பிறகு கச்சேரியில் கிடைத்த கூலியையும் சேர்த்து, கலப்புக் குமிழ் உள்ள பழைய பெடல் ஒன்றை வாங்கினேன்.

ஐப்பசி மாதத்தில் ஒரு பகற்பொழுது, வேட்டவலம் சாலைப் பக்கம் உறவினர் ஒருவருடைய களத்தில் ஒரு பெட்டியையும் ஒரு குழாயையும் கட்டினோம். தந்தையார் ஏறக்குறைய நூறு தப்படி நடந்து சென்று குழாய்க்கு நேரே நின்றுகொண்டார். முதலில் பெடல் இல்லாமல் வாசித்தேன். "ஒண்ணும் வரலடா" என்று கையசைத்தார். குழாயால் 41 ஹெர்ட்ஸை ஒலிக்க முடியாது என்பது நாம் அறிந்ததே. பிறகு கலப்புக் குமிழைப் பாதிக்குக் கீழே வைத்து, டிரைவ் குமிழைக் காற்பங்கு திருப்பிப் பெடலை அழுத்தினேன்.

இப்போது அதே 41.2-இன் மடங்குகளாகிய மேற்சுரங்கள் குழாயில் போதிய வலுவோடு ஒலித்தன. அடிப்படை அதிர்வெண் காதுக்கு வராவிட்டாலும், அதன் மடங்குகள் வரிசையாக வந்தால் நம் காது அடிப்படைச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். சின்னஞ்சிறு கைப்பேசியில் பேஸ் கிதாரின் மெட்டை நாம் தொடர முடிவது இந்தப் பண்பினாலேயே. பெட்டி அருகில் அடிநாதத்தைத் தாங்கியது. குழாய் தொலைவுக்கு மெட்டைக் கொண்டு சேர்த்தது.

தந்தையார் மெல்ல நடந்து வந்தார். பெடலைக் குனிந்து பார்த்தார். "கரகரப்பு இருக்குது. ஆனா எந்தச் சுரம்னு தெளிவாத் தெரியுது. இவ்வளவு போதும். இதுக்கு மேல திருப்பாத" என்றார். சட்டைப் பையிலிருந்து வெள்ளை மார்க்கரை எடுத்துக் குமிழ் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். தம்முடைய ஆம்ப்ளிபயர்களில் உதவியாளர்களுக்காக அவர் போட்டு வைத்திருக்கும் அதே கோடுதான்.

பிறகு ஆய்வகத்தில் என் பெடலைச் சி.ஆர்.ஓ.வில் இணைத்துப் பார்த்தேன். அந்தக் கோட்டில் குமிழை நிறுத்தினால் அலையின் தலை சற்றே மழுங்குகிறது, உருவம் கெடவில்லை. கோட்டைத் தாண்டினால் தட்டையாகிறது. சி.ஆர்.ஓ. பார்த்திராத ஒருவர் காதால் அளந்த அளவு அது. "காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?" என்ற அவருடைய கேள்விக்கு, "ஆமாம் அப்பா, இதையும்தான்" என்று அன்று மாலை விடை சொன்னேன். திரையில் கண்ட அலையைத் தாளில் வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாணவ நண்பர்களே, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாமெல்லாம் அறிந்த பழமொழி. எது அளவு என்பதைத்தான் நாம் கண்டறிய வேண்டியிருக்கிறது. பேஸ் கிதாரைப் பொறுத்தவரை அந்த அளவு இதுவே: கரகரப்பு எவ்வளவு சேர்ந்தாலும் அடிநாதம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் காக்கும் பெடலை வாங்குங்கள். குமிழில் ஒரு கோடும் போட்டு வையுங்கள்.